கோடு சேர்ந்தே இருந்தது

போடியில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள சந்தில் வளையலும் பொட்டும் விற்கும் ஒரு ஃபேன்சி கடை இருந்தது. சில மாதங்களுக்கு ஒருமுறை, கிரீஸ் படிந்த காக்கிச் சட்டையோடு ஒருவர் அங்கே போய் ஒரு குப்பி நெயில் பாலிஷ் வாங்குவார். நல்ல சிவப்பு. அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பது கடைக்காரப் பெண்ணுக்குத் தெரியும்.

"யாருக்குண்ணே இது? எங்கிட்டயாச்சும் சொல்லலாம்ல."

"டிஸ்ட்ரிபியூட்டருக்கு."

"அது எந்த ஊருப் புள்ள?"

"வெரசாக் குடும்மா. வண்டிய ஓடவிட்டுட்டு வந்திருக்கேன்."

அவர் மெக்கானிக். பெயரை எழுதப் போவதில்லை. அந்தப் பெயரை ஒருமுறை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து நான் அவருக்குச் செய்தது போதும்.

அந்தச் சிவப்பு எதற்கென்றால், கோடு போட. எதைக் கழற்றுவதற்கு முன்னாலும், எதை இறுக்கி முடித்த பிறகும், இரண்டு பாகங்களும் சேரும் இடத்தில் குறுக்காக மெல்லிய கோடு ஒன்று இழுப்பார். பாதி இந்தப் பாகத்தில், பாதி அந்தப் பாகத்தில். பிறகு யாராவது அதைத் திருப்பினாலோ, தானாக நகர்ந்தாலோ, கோடு இரண்டாகப் பிரிந்து காட்டிக்கொடுத்துவிடும். எத்தனையோ மெக்கானிக்குகள் இப்படிச் செய்வார்கள். ஆனால் இவருக்கு அது தொழிலோடு நிற்கவில்லை.

அவருடைய பட்டறைக்குப் பின்னாலேயே அவர் குடியிருந்த அறை. கேஸ் அடுப்பின் திருகில் ஒரு கோடு. அலாரக் கடிகாரத்தின் முதுகில் ஒரு கோடு. கட்டில் கால்கள் நான்கும் தரையைத் தொடும் இடத்தில், காலில் பாதி தரையில் பாதியாக, நான்கு கோடுகள்.

"கட்டிலுக்கு எதுக்குய்யா?" என்று கேட்டேன்.

"நான் இல்லாதப்ப யாராச்சும் வந்து ஒக்காந்துட்டுப் போனா தெரியணும்லண்ணே."

"யாராவது வந்திருக்காங்களா?"

"இதுவரைக்கும் இல்ல" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அப்போது நானும் சேர்ந்து சிரித்தேன்.

நான் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன். மாமனார் விட்டுப்போன ஏலத்தோட்டம் போடிமெட்டுக்கு மேலே இருந்தது. அதைப் பார்த்துக்கொள்வதற்காக வேலையைப் பாதியில் விட்டு வந்தேன். நான்கு சக்கரமும் இழுக்கும் சின்ன பெட்ரோல் ஜீப் ஒன்று வைத்திருந்தேன். மாலையில் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவருடைய பட்டறைக்குப் போய்ப் பழைய டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்திருப்பேன். அவருக்கு வேறு பேச்சுத்துணை கிடையாது. எனக்கு இருந்தது. ஆனாலும் போவேன்.

கார்புரேட்டர் போய், கம்ப்யூட்டர் கணக்குப் பார்த்துப் பெட்ரோலைப் பீய்ச்சும் வண்டிகள் வந்திருந்த காலம். ஆனால் தீப்பொறியை முறைவைத்துச் சிலிண்டர்களுக்கு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் என்னும் உருண்டை என் வண்டி மாதிரியான சிலவற்றில் இன்னும் இருந்தது. அதை ஒரு நூல் இப்படியோ அப்படியோ திருப்பினால் தீப்பொறி விழும் நேரம் மாறும். முன்கூட்டி விழுந்தால் மேலே ஏறிக்கொண்டிருக்கும் பிஸ்டனின் தலையிலேயே அடி விழும். பிந்தினால் வண்டி இழுக்காது. டைமிங் என்னும் அந்த நேரத்தைச் சரிசெய்வதில் போடியில் அவருக்கு இணை இல்லை என்று ஜீப் ஓட்டுநர்கள் சொல்வார்கள்.

அவர் அதைச் செய்வதைப் பார்க்கப் பொறுமை வேண்டும். முதலில் இன்ஜினை ஓடவிட்டுச் சும்மா நிற்பார். ரேடியேட்டர் விசிறி தானாக ஓடி நிற்க வேண்டும். மறுபடி ஒருமுறை ஓடி நிற்க வேண்டும். அதுவரை ஸ்பேனரைத் தொடமாட்டார். பிறகு ஓரத்தில் இருக்கும் ஒரு சின்ன பிளக்கின் மூடியைத் திறந்து, அதன் இரண்டு துளைகளிலும் சேர்ந்தாற்போல வளைத்த வயர் ஒன்றைச் செருகுவார். அந்த வயர் இருக்கும்வரை கம்ப்யூட்டர் தீப்பொறியின் நேரத்தைத் தன் இஷ்டத்துக்கு மாற்றாது.

"இந்தக் கம்ப்யூட்டரு ஓயாமப் பேசிட்டே இருக்கும்ண்ணே. நம்ம எதத் தப்பாச் செஞ்சாலும் இது உள்ள இருந்துட்டே சமாளிச்சுரும். நமக்கு எல்லாம் சரியா இருக்குற மாதிரியே தெரியும். மொதல்ல இது வாயக் கட்டணும். அப்பறம்தான் இன்ஜினு உண்மையச் சொல்லும்."

அப்புறம் துப்பாக்கி போன்ற ஒரு விளக்கைச் சுழலும் சக்கரத்தின்மேல் பிடிப்பார். விளக்கு மின்னி மின்னி எரிய, சுழன்றுகொண்டிருக்கும் சக்கரத்தின் வெட்டு அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். அது எப்படி என்று நான் ஒருநாள் பலகையில் எழுதாத குறையாக விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "இவ்வளவு இருக்கா இதுக்குள்ள. நான் சும்மா நிக்கிதுன்னு நெனச்சேன்" என்றார். அன்று அவருக்கு என்மேல் வந்த மதிப்பு கடைசிவரை குறையவில்லை. அதுதான் என்னைக் காப்பாற்றியது, அவரைக் கெடுத்தது.

காய் எடுக்கும் பருவம். ஆள் கிடைப்பது அரிது. தினமும் விடிந்ததும் தோட்டத்துக்குப் பெண்களை நானே ஏற்றிக்கொண்டு போவேன். ஐந்தாறு பேர் போக வேண்டிய வண்டியில் ஒன்பது பேர். பின்கதவைத் திறந்துபோட்டு இரண்டு பேர் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துகொள்வார்கள். மலையில் வண்டி திணறியது. டைமிங் பார்க்கச் சொன்னேன். விசிறி இரண்டுமுறை ஓடி நிற்கும்வரை காத்திருந்து, வயரை மாட்டி, விளக்கைப் பிடித்துப் பார்த்தார். பழைய கோட்டைத் துடைத்துவிட்டு அதே இடத்தில் புதிதாகக் கோடு போட்டார்.

"டைமிங்கு அச்சா நிக்கிதுண்ணே. ஆளக் கொறைங்க."

"நான் வண்டியப் பத்திக் கேட்டேன். ஆளப் பத்திக் கேக்கல."

"வண்டிதாண்ணே சொல்லுது, நானா சொல்றேன்."

பக்கத்தில் நின்ற ஜீப் ஓட்டுநர் ஒருவர், "வாத்தியாருக்கே பரிச்ச வச்சுட்டியே மாப்ளே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மெக்கானிக் சிரிக்கவில்லை, சங்கடப்பட்டார். எனக்குச் சுருக்கென்றது.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி பானெட்டைத் திறந்தேன். படிக்கிற காலத்தில் என் மோட்டார் சைக்கிளுக்குக் காதால் கேட்டே டைமிங் வைத்தவன் நான். சத்தம் கூர்மையாகும்வரை திருப்பினால் போதும். வயரும் இல்லை, விளக்கும் இல்லை. வண்டியின் முன்னால் அவர் கட்டித் தொங்கவிடும் எலுமிச்சம்பழத்தைப் போலத்தான் அந்த வயரையும் நினைத்திருந்தேன். இயற்பியல் படித்தவன் அப்படி நினைத்தேன்.

திருப்பினேன். தீப்பொறி முன்கூட்டி விழும் பக்கம். சத்தம் மாறவில்லை. பாரம் இல்லாமல் நின்ற இடத்தில் ஓடியதால், நான் திருப்பத் திருப்பக் கம்ப்யூட்டர் உள்ளே சமாளித்துக்கொண்டிருந்தது. இன்னும் திருப்பினேன். டிஸ்ட்ரிபியூட்டர் இனி நகராது என்ற எல்லை வந்ததும் போல்ட்டை இறுக்கினேன். சிவப்புக் கோடு இரண்டாகப் பிரிந்து ஒரு விரலகலம் தள்ளி நின்றது. மறுநாள் மலையேறி இறங்கிய பிறகு அதை அவரிடம் காட்டிச் சிரிக்க வேண்டும் என்று அப்படியே விட்டுவைத்தேன்.

மறுநாள் காலை, மலையடிவாரத்து முந்தல் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் தகர டப்பாவில் கூழாங்கல்லைக் குலுக்குவதுபோல ஒரு சத்தம். பின்கதவில் உட்கார்ந்திருந்த இளம்பெண், "சார், வண்டி என்னமோ பல்லக் கடிக்கிது" என்றாள். இழுவை கூடியிருக்கிறது என்று நான் சொன்னேன். ஆறாவதோ ஏழாவதோ கொண்டை ஊசி வளைவில் படீரென்று வெடித்து, புகை வந்து, இன்ஜின் நின்றது. இன்ஜின் நின்றதும் பிரேக் மிதிகட்டை கல்லாய் இறுகிவிட்டது. மிதிக்க மிதிக்க வண்டி பின்னால் உருண்டது. தடுப்புச் சுவரில் மோதி நின்றபோது அந்தப் பெண்ணின் வலது கால் சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் இருந்தது. மற்றவர்கள் குதித்துவிட்டார்கள். அவள் குதிக்கிறவர்களுக்குக் கைகொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

வண்டியை முந்தலில் ஒரு லாரிக் கொட்டகைக்கு இழுத்து வந்தார்கள். மறுநாள் விபத்தை விசாரிக்க வந்த அதிகாரி பானெட்டைத் திறந்ததுமே, "டைமிங் எல்லை வரைக்கும் திருப்பியிருக்கே. பிஸ்டன் ஓட்டையாகாம என்ன செய்யும்? யார் வச்சது?" என்றார். அந்தச் சிவப்புக் கோடுகள் எதற்கு என்று அவருக்குத் தெரியவில்லை. பெயரை எழுதிக் கொடுக்கச் சொன்னார்.

நான் அவருடைய பெயரை எழுதிக் கொடுத்தேன்.

"நாளைக்கு அந்த ஆள வரச் சொல்லுங்க."

அவர் வந்தால் முதலில் பார்ப்பது கோட்டைத்தான். பிரிந்த கோட்டைப் பார்த்த நொடியே, தான் போனபிறகு யாரோ திருப்பியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். யார் என்று தெரிய அடுத்த நொடி போதும். திருப்பி வைத்துவிடலாம் என்றால், அதிகாரி ஏற்கெனவே பார்த்துக் குறித்துக்கொண்டுவிட்டார்.

நான் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். மனைவியின் அலமாரியில் ஒரு குப்பி நெயில் பாலிஷ் இருந்தது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி முந்தலுக்குப் போனேன். கொட்டகைக்காரர் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். பெட்ரோலில் நனைத்த துணியால் மெக்கானிக் போட்டிருந்த கோட்டின் இரண்டு பாதிகளையும் துடைத்தேன். எல்லையில் நின்ற டிஸ்ட்ரிபியூட்டரின் குறுக்காக ஒரு புதுக்கோடு போட்டேன். அவர் போடுவதைப் போலவே நேராக வந்தது என்பதை இங்கே எழுதியாக வேண்டும். காய்ந்தபிறகு பார்த்தால் நிறம் கொஞ்சம் அடர்த்தி, காய்ந்த மிளகாய் மாதிரி. மேலே மண்ணையும் எண்ணெயையும் தடவினேன்.

மறுநாள் அவர் கருவிப் பையோடு வந்தார். குனிந்து பார்த்தார். வெகுநேரம் நிமிரவே இல்லை. விரலால் கோட்டைத் தடவினார்.

"அஞ்சாறு நாள்ல இப்பிடிக் கறுத்திருச்சே" என்று முணுமுணுத்தார். பிறகு தானே, "சூடுல்ல" என்று சொல்லிக்கொண்டார்.

அதிகாரி, "நீ வச்சதுதானா?" என்று கேட்டார்.

"எனக்கு ஞாபகத்துல சரியா வச்ச மாதிரிதான் சார் இருக்கு." மறுபடி குனிந்து பார்த்தார். "ஆனா கோடு சேந்துதான் இருக்கு. அப்ப நாந்தான் வச்சிருக்கேன்."

தன் ஞாபகத்தையும் கோட்டையும் எதிரெதிரே வைத்து, கோட்டின் பக்கம் சாய்ந்தார். அந்த மனிதரால் வேறு எப்படியும் செய்திருக்க முடியாது. அது எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

அரசு மருத்துவமனைக்கு இருவரும் சேர்ந்து போனோம். அந்தப் பெண்ணின் காலுக்கு முட்டிக்குக் கீழே இரண்டு இடத்தில் கம்பி வைத்திருந்தார்கள். அவர் கட்டிலருகே தரையில் உட்கார்ந்து, "ஆத்தா, என் கை தப்புப் பண்ணிருச்சு" என்றார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் ஒரு பை திராட்சையோடு வாசலில் நின்றேன். வெளியே வந்ததும் அவர் என் தோளைத் தொட்டு, "ஒங்களுக்கும் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன்ண்ணே" என்றார்.

அதற்குப் பிறகு அவர் யாருக்கும் டைமிங் வைக்கவில்லை. யார் கேட்டாலும் "கை சரியில்ல" என்பார். அந்தத் துப்பாக்கி விளக்கை வேறொரு பட்டறைக்காரருக்குக் கொடுத்துவிட்டார். ஓட்டுநர்கள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். நான்தான் முதலில் நிறுத்தியவன். ஒருநாள் பட்டறை பூட்டிக்கிடந்தது. தேவாரம் போகும் வழியில் உள்ள அக்கா ஊருக்குப் போய்ப் பஞ்சர் கடை போட்டிருக்கிறார் என்றார்கள். போடிமெட்டு ஏறும் ஓட்டுநர்கள் அந்த வளைவில், "இங்கதான் அவரு வச்ச டைமிங்குல வண்டி வெடிச்சது" என்று சொல்வதை நானே பயணியாக உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

என் மனைவி அந்தக் குப்பியை இரண்டு நாள் தேடினாள். நானும் சேர்ந்து தேடினேன்.

பதினான்கு வருடம் போயிற்று. மனைவி போய்ச் சேர்ந்தாள். தோட்டத்தை விற்றேன். மகன் வெளியூரில். வீட்டில் எதுவும் நகராமல் வைத்த இடத்திலேயே இருக்கிறது. ஒருநாள் காலை எழுந்தபோது, என் கட்டில் காலிலும் கோடு போட்டு வைத்தால் தேவலை என்று தோன்றியது. அன்றுதான் புத்தகங்களுக்குப் பின்னால் ஒளித்திருந்த குப்பியை எடுத்துக்கொண்டு தேவாரம் பஸ்ஸில் ஏறினேன்.

அவருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைக் கண்டதும், "வாங்கண்ணே, வாங்க" என்று ஓடிவந்து கையைப் பிடித்தார். அறையில் உட்காரவைத்துத் தேநீர் போட்டார். அடுப்புத் திருகில் கோடு இருந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை, திருப்பியது, துடைத்தது, வரைந்தது.

அவர் சிரித்தார். "சும்மா இருங்கண்ணே. வயசாச்சுன்னா ஊருல நடந்த தப்பெல்லாம் நம்ம செஞ்ச மாதிரித் தோணும். வீட்டம்மாவும் போயிட்டாங்க, தனியா இருக்கீங்க. அதான் இந்த நெனப்பு வருது."

"நிஜமாத்தான் சொல்றேன்."

"எனக்காகத்தான் சொல்றீங்க. எனக்குத் தெரியாதா ஒங்க மனசு? கோடு சேந்து இருந்துச்சுண்ணே. நான் கண்ணால பாத்தேன்."

நான் குப்பியை எடுத்து வைத்தேன். மூடி இறுகியிருந்தது. அவர் தொழில்காரர், அதைத் திறக்காமல் இருக்க முடியவில்லை. தேநீர் போட்ட வெந்நீரில் கொஞ்ச நேரம் நிறுத்தி, துணியால் பிடித்துத் திருகினார். உள்ளே அடியில் கொஞ்சம் ஈரம் மிச்சமிருந்தது. எவர்சில்வர் தம்ளரின் வயிற்றில் ஒரு கோடு இழுத்தார். வாசலுக்குப் போய் வெயிலில் பிடித்துப் பார்த்தார். காய்ந்த மிளகாய் நிறம்.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எந்தப் பக்கம் திருப்புனீங்க?"

கையால் காட்டினேன்.

"வயரு மாட்டுனீங்களா?"

"இல்ல."

தலையை ஆட்டினார். நெடுநாள் பிடிபடாத கோளாறு ஒன்று பிடிபட்டதும் பட்டறையில் அவர் தலையை ஆட்டுவது அப்படித்தான் இருக்கும். பிறகு வலதுகையைத் தூக்கி, விரல்களை மடக்கி விரித்து, மடக்கி விரித்து, அது வேறு யாருடைய கையோ என்பதுபோலப் பார்த்தார்.

"அந்தப் புள்ளகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"மொதல்ல அங்கதான் போயிருக்கணும்." தம்ளரைக் கீழே வைத்தார். "பஸ்சு வர்ற நேரம். கெளம்புங்க சார்."

முதல்முறை பார்த்த நாளிலிருந்து அன்றுவரை அவர் என்னை 'சார்' என்று அழைத்ததில்லை.

மறுநாள் அந்தப் பெண்ணைப் போய்ப் பார்த்தேன். அவளுக்கு இப்போது பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். வலது கால் கொஞ்சம் குட்டை. முறத்தில் ஏலக்காய் தரம்பிரித்துக்கொண்டே கேட்டாள். நான் முடித்தபிறகும் கை நிற்கவில்லை.

"மாசாமாசம் வந்து நின்னாரு சார் அவரு. வராதீங்கன்னு நான் கத்தி அனுப்புவேன். மறுமாசமும் வருவாரு. என் வாயில விழுந்தது பூரா ஒங்களுக்குச் சேர வேண்டியது. அத நான் எப்பிடித் திருப்பி எடுப்பேன்?"

அங்கிருந்து ஜீப் நிறுத்தத்துக்குப் போய், ஓட்டுநர்கள் நின்ற இடத்தில் நின்று, அவர்களிடமும் சொன்னேன். சின்ன வயசுக்காரர்கள் புரியாமல் பார்த்தார்கள். பழைய ஆள் ஒருவர் மட்டும், "இத்தன வருசமா வாத்தியாரே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் வண்டியில் ஏறிப் போனார். சொல்ல வேண்டியவர்களுக்கு அந்தப் பழைய ஆள் சொல்லியிருப்பார் போலும்.

போன மாதம் மறுபடி அந்த ஊருக்குப் போனேன். அறை பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர், "வாரத்துல ரெண்டு நா போடிக்கு வேலைக்குப் போறாருங்க. கை சரியாயிருச்சாம்" என்றார்.

போடிக்குத் திரும்பி விசாரித்துக்கொண்டு போனேன். மலையில் இன்னும் ஓடும் பழைய பெட்ரோல் ஜீப்புகள் இரண்டு மூன்று உண்டு. அதில் ஒன்று ஒரு பட்டறை வாசலில் பானெட் திறந்து நின்றது. அவர் பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தார். சாலைக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். விசிறி ஓடி நின்றது. மறுபடி ஓடி நின்றது. வயரை மாட்டினார். விளக்கைப் பிடித்தார். சட்டைப் பையிலிருந்து குப்பியை எடுத்துக் கோடு போட்டார். காயட்டும் என்று ஊதிவிட்டு நிமிர்ந்தபோது என்னைப் பார்த்தார்.

ஒரு லாரி குறுக்கே போனது. அது போனபிறகு பார்த்தேன். அவர் குனிந்திருந்தார். கோடு சேர்ந்திருக்கிறதா என்று இன்னொருமுறை பார்த்துக்கொண்டிருந்தார். இருட்டத் தொடங்கும்வரை நின்றேன். அதன்பிறகு அவர் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.